பழைய போன்: பேட்டரி மாற்றினால் போதுமா, புதுசு வாங்கணுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று நான்கு வருடம் உழைத்த போன் மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்து படுத்துவிட்டால் வீட்டில் முதலில் எழும் பேச்சு “புதுசு வாங்கிடலாம்” என்பதுதான். கடையிலும் அதையே சொல்வார்கள், இஎம்ஐ போட்டுத் தருகிறோம் என்பார்கள், எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு விலையும் சொல்வார்கள். நான் அதற்கு எதிர்ப்பக்கம் நிற்கிறவன். பேட்டரி என்பது தேய்வதற்காகவே செய்யப்பட்ட பாகம், அது தேய்ந்தது என்பதற்காக நல்ல போனைத் தூக்கிப் போடுவது எனக்கு மனசு ஒப்பாத காரியம். ஆனால் எல்லாப் பழைய போனுக்கும் பேட்டரி மாற்றுவதும் புத்திசாலித்தனம் இல்லை. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், பேட்டரியா புது போனா?

போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் இன்னும் வருகிறது, டிஸ்பிளே நன்றாக இருக்கிறது, ஸ்டோரேஜ் போதுகிறது, சார்ஜ் மட்டும்தான் நிற்கவில்லை என்றால் பேட்டரியை மாற்றுங்கள், யோசிக்கவே வேண்டாம். அப்டேட் நின்று ஓரிரண்டு வருடம் ஆகிவிட்டது, அதே போனில்தான் வங்கி ஆப்பும் யுபிஐயும் வைத்திருக்கிறீர்கள் என்றால் பேட்டரிக்குச் செலவு செய்யாதீர்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்குத்தான் மீதிப் பதில்கள்.

பேட்டரிதான் போயிருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது?

இதில்தான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள். சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது என்றாலே பேட்டரி போச்சு என்று முடிவு கட்டிவிட முடியாது. முதலில் செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போய் எந்த ஆப் எவ்வளவு சார்ஜ் தின்கிறது என்று பாருங்கள். ஏதோ ஒரு ஆப் மட்டும், நீங்கள் திறக்காமலே, பட்டியலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தால் அதை நீக்கிவிட்டு இரண்டு நாள் பாருங்கள். அடுத்து சிக்னல். வீட்டுக்குள் டவர் சரியாக எடுக்காத இடத்தில் போன் இடைவிடாமல் டவரைத் தேடிக்கொண்டே இருக்கும், அது சார்ஜை உறிஞ்சிவிடும். 5ஜி அரைகுறையாக வரும் ஊர்களில் அதை அணைத்து 4ஜியில் மட்டும் விட்டாலே வித்தியாசம் தெரிகிறது.

சார்ஜ் ஏறுவதே இல்லை, அல்லது ரொம்ப மெதுவாக ஏறுகிறது என்றால் பேட்டரிமேல் பழி போடும் முன் வேறொரு நல்ல கேபிளும் அடாப்டரும் போட்டுப் பாருங்கள். பிறகு சார்ஜிங் பின் செருகும் துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டைப் பையிலும் ஜீன்ஸ் பையிலும் இருந்து சேர்ந்த பஞ்சு உள்ளே அமுங்கிப்போய், கேபிள் முழுசாக உள்ளே போகாமல் இருக்கும். போனை அணைத்துவிட்டு மரத்தாலான பல்குச்சியால் மெல்ல எடுத்தால் சரியாகிவிடும். ஊசி, சேஃப்டி பின் எல்லாம் வேண்டாம்.

சரி, நிஜமாகவே பேட்டரி போயிருந்தால் எப்படித் தெரியும்? 25 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் கேமரா திறந்ததும், அல்லது ஒரு வீடியோ கால் வந்ததும் பட்டென்று அணைந்துவிடும். சார்ஜரில் போட்டால் மறுபடியும் 20 என்று காட்டும். 60-இல் இருந்து 42-க்கு ஒரே தாவாகத் தாவும். பேட்டரி வயதாக ஆக அதன் உள்மின்தடை கூடிவிடுகிறது, கேமரா மாதிரி ஒரே நொடியில் அதிக மின்சாரம் கேட்கும் வேலை வந்தால் மின்னழுத்தம் சரிந்து போன் தாக்குப்பிடிக்க முடியாமல் அணைகிறது. இந்த அறிகுறி இருந்தால் சந்தேகமே இல்லை, பேட்டரிதான்.

பேட்டரியின் ஆரோக்கியத்தைப் போனிலேயே பார்க்க முடியுமா?

ஐபோனில் செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குள் பேட்டரி ஹெல்த் இருக்கிறது. 80 சதவீதத்துக்குக் கீழே வந்தால் மாற்றும் நேரம் என்று அதுவே சொல்லும். ஐபோன் 15-இல் இருந்து எத்தனை முறை சார்ஜ் சுழற்சி முடிந்தது என்ற எண்ணும் தெரியும். சாம்சங் போனில் சாம்சங் மெம்பர்ஸ் ஆப்பில் போன் பரிசோதனைப் பகுதி இருக்கிறது, அதில் பேட்டரி நிலையைப் பார்க்கலாம். வேறு பல ஆண்ட்ராய்டு போன்களிலும் புதிய மாடல்களில் செட்டிங்ஸுக்குள்ளேயே பேட்டரி ஹெல்த் வந்துவிட்டது. எதுவும் இல்லாத பழைய போன் என்றால் சர்வீஸ் சென்டரில் சோதித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

பிளே ஸ்டோரில் கிடைக்கும் “பேட்டரி டாக்டர்” வகை ஆப்களை நம்பாதீர்கள். பேட்டரியைச் சரிசெய்கிறேன் என்று சொல்லும் எந்த ஆப்பாலும் வேதியியலைத் திருப்பி எழுத முடியாது.

நான் ஒழுங்காகத்தான் சார்ஜ் போட்டேன். அப்புறம் ஏன் இவ்வளவு சீக்கிரம் போச்சு?

நீங்கள் என்ன செய்தாலும் அது தேயும். லித்தியம் அயான் பேட்டரிக்குள் ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறி இறங்கும்போதும் கொஞ்சம் லித்தியம் பக்கவினைகளில் சிக்கி வீணாகிறது, அது திரும்பி வராது. ஐபோன் 14 வரையிலான மாடல்களுக்கு ஆப்பிள் சொல்லும் கணக்கு, 500 முழுச் சுழற்சிக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவு இருக்கும் என்பது. ஐபோன் 15-க்கு அதை 1000 சுழற்சி என்று உயர்த்தினார்கள். முழுச் சுழற்சி என்றால் மொத்தமாக 100 சதவீதம் செலவாவது. இன்று 50, நாளை 50 என்றால் அது ஒன்றுதான். நாளுக்கு ஒரு சுழற்சி ஓட்டுகிறவருக்கு 500 என்பது ஒன்றரை வருடத்துக்குள் முடிந்துவிடும்.

ஆனால் நம் ஊரில் பெரிய எதிரி வெயில். 35 டிகிரிக்கு மேல் போன் இருந்தால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்று ஆப்பிளே எச்சரிக்கிறது. சென்னையிலும் வேலூரிலும் திருச்சியிலும் அக்னி நட்சத்திரத்தின்போது நிழலிலேயே 40-ஐத் தொடுகிறது, அப்படியிருக்க காருக்குள் டாஷ்போர்டில் வைத்த போனின் கதி என்ன? கேடெக்ஸ் நிறுவனம் நடத்தும் பேட்டரி யுனிவர்சிட்டி தளத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது: 25 டிகிரி வெப்பத்தில் 40 சதவீத சார்ஜோடு ஓராண்டு வைத்த லித்தியம் பேட்டரியில் சுமார் 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சுகிறது, அதையே 40 டிகிரியில் முழு சார்ஜோடு வைத்தால் சுமார் 65 சதவீதம்தான். வெயிலும் முழு சார்ஜும் சேர்ந்தால் எவ்வளவு சேதம் என்று இதிலிருந்தே புரியும். உணவு டெலிவரி செய்யும் பையன்களின் போன்களை நினைத்துப் பாருங்கள். பைக் ஹேண்டிலில் நேர் வெயிலில் மாட்டி, திரை வெளிச்சத்தை முழுசாக வைத்து, மேப் ஓடிக்கொண்டே, பவர் பேங்கில் சார்ஜும் ஏறிக்கொண்டே இருக்கும். அவர்களுக்கு ஒரே வருடத்தில் பேட்டரி போவதில் ஆச்சரியமே இல்லை. போனைக் குறை சொல்லவும் முடியாது, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, வேலை அப்படி.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது: தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடாதீர்கள், சார்ஜ் போட்டபடி கேம் ஆடாதீர்கள், போனில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் அதைப் போட்டு வையுங்கள். அதற்கு மேல் கவலைப்படவும் தேவையில்லை, போன் நமக்காக இருக்கிறது.

போன் ரொம்ப ஸ்லோ. பேட்டரி மாற்றினால் வேகம் திரும்புமா?

ஐபோனாக இருந்தால் திரும்ப வாய்ப்பு உண்டு. 2017 டிசம்பரில் இது பெரிய விவகாரமாக வெடித்தது. பேட்டரி தேய்ந்த ஐபோன் 6, 6எஸ், எஸ்இ, 7 மாடல்கள் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க, அவற்றின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்து வந்ததாக ஆப்பிள் ஒப்புக்கொண்டது. சொல்லாமல் செய்ததுதான் மக்களுக்குக் கோபம். அதற்குப் பரிகாரமாக 2018 முழுக்க பேட்டரி மாற்றும் கட்டணத்தை அமெரிக்காவில் 79 டாலரில் இருந்து 29 டாலராகக் குறைத்தார்கள், பேட்டரி ஹெல்த் பார்க்கும் வசதியும் அப்போது ஐஓஎஸ் 11.3-இல் வந்ததுதான்.

அதன் பின்கதை எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. 2019 ஜனவரியில், அப்போது ஆப்பிளின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த டிம் குக் முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், எதிர்பார்த்த அளவுக்கு மக்கள் புது ஐபோனுக்கு மாறாததற்கான காரணங்களில் ஒன்றாகக் குறைந்த விலையில் பேட்டரி மாற்றிக்கொண்டதையும் சொல்லியிருந்தார். அதாவது பேட்டரியை மலிவாக மாற்ற வழி கிடைத்தால் ஏராளமான பேருக்குப் பழைய போனே போதுமானதாக இருந்திருக்கிறது. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

பத்தாயிரம் ரூபாய் ரகத்து ஆண்ட்ராய்டு போன் என்றால் கதை வேறு. அங்கே வேகம் குறைவதற்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டோரேஜ் நிரம்பி வழிவதும், ரேம் குறைவாக இருப்பதும், ஆப்கள் வருடா வருடம் கனத்துக்கொண்டே போவதும்தான். 64 ஜிபி போனில் 61 ஜிபி வாட்ஸ்அப் குட்மார்னிங் படங்களும் வீடியோக்களுமாக இருந்தால் பேட்டரி மாற்றி ஒன்றும் ஆகாது. நாலில் ஒரு பங்காவது காலி செய்துவிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் தொட்டால் மூன்று விநாடி கழித்துத் திறக்கிறது என்றால் அந்தப் போனின் காலம் முடிந்தது.

பின்பக்கம் உப்பியிருக்கிறது, ஆனால் போன் ஓடுகிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடவே கூடாது. பேட்டரிக்குள் இருக்கும் மின்பகுபொருள் என்ற வேதிப்பொருள் சிதைந்து வாயு சேர்ந்திருக்கிறது. இனி சார்ஜ் போடாதீர்கள், அணைத்து வையுங்கள், அழுத்தி மூடிப் பார்க்காதீர்கள், குத்தி வாயுவை வெளியேற்றலாம் என்று யாராவது சொன்னால் அவர்கள் பக்கமே போகாதீர்கள். துளை விழுந்தால் தீப்பிடிக்கும். படுக்கை, துணி, காகிதம் இல்லாத இடத்தில், தரையில், டைல்ஸ் மேல் வைத்துவிட்டு அன்றே சர்வீஸ் சென்டருக்கோ விவரம் தெரிந்த கடைக்கோ நேரில் கொண்டுபோங்கள். கூரியரில் அனுப்பாதீர்கள். பேட்டரியை எடுத்த பிறகு டிஸ்பிளே வளையாமல் இருந்தால், போன் மற்றபடி நல்ல நிலையில் இருந்தால், வேறு பேட்டரி போட்டு ஓட்டலாம்.

எப்போது பேட்டரி மாற்றுவது வீண் செலவு?

முதல் காரணம் பாதுகாப்பு அப்டேட். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் “போனைப் பற்றி” என்ற பகுதியில் கடைசிப் பாதுகாப்பு அப்டேட் எந்த மாதம் வந்தது என்று தேதியோடு இருக்கும். நம் கையில் இருக்கும் போன் இப்போது வெறும் போன் இல்லை, வங்கிக் கணக்கின் சாவியும் அதுதான். ஓடிபி வருவது அதில், யுபிஐ அதில், டிஜிலாக்கர் அதில். ஓட்டை அடைக்கப்படாத போனில் இதையெல்லாம் வைத்திருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது, உங்களுக்கும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஆப்கள் கைவிடுவது. வாட்ஸ்அப் 2025 ஜனவரியில் கிட்கேட் என்ற பழைய ஆண்ட்ராய்டு பதிப்பில் ஓடும் போன்களைக் கைவிட்டது, அதே ஆண்டு மே மாதம் ஐஓஎஸ் 15.1-க்குக் கீழே உள்ள ஐபோன்களையும் விட்டது. அத்தோடு ஐபோன் 6-இல் எல்லாம் வாட்ஸ்அப் போயிற்று. அந்தப் போனுக்கு அதற்கு முந்தைய மாதம் பேட்டரி மாற்றியவருக்கு எப்படி இருந்திருக்கும்?

மூன்றாவது, ஒன்றுக்கு மேற்பட்ட பாகம் போயிருப்பது. டிஸ்பிளேயில் கோடு, சார்ஜிங் போர்டில் கோளாறு, மைக் கேட்பதில்லை, இதோடு பேட்டரியும் என்றால் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே போவீர்கள். தண்ணீரில் விழுந்து எழுந்த போனுக்கும் இதே பதில்தான், இன்று பேட்டரி மாற்றினால் அடுத்த மாதம் மதர்போர்டு போகும்.

கணக்கு எப்படிப் போடுவது?

மாதக் கணக்கு போடுங்கள், தெளிவாகிவிடும். புது போன் 18,000 ரூபாய், நான்கு வருடம் ஓட்டுவீர்கள் என்று வைத்துக்கொள்வோம், மாதத்துக்கு 375 ரூபாய். பேட்டரி மாற்ற 1,800 ரூபாய் கேட்கிறார்கள், அதன்பின் இரண்டு வருடம் ஓடும் என்றால் மாதத்துக்கு 75 ரூபாய். ஐந்து மாதம் ஓடினாலே போட்ட காசு வந்துவிடுகிறது, அதற்கு மேல் ஓடுவதெல்லாம் லாபம். இப்போது டிஸ்பிளேயும் போயிருக்கிறது, அதற்கு 5,000 சேர்த்து 6,800 ஆகிறது, அப்டேட் இன்னும் ஒன்றரை வருடம்தான் வரும் என்று வையுங்கள். மாதத்துக்கு 378 ரூபாய். புது போனின் விலைக்கே வந்துவிட்டது, அப்படியானால் புதுசுதான். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

வட்டியில்லா இஎம்ஐ என்பதில் மயங்கிவிடாதீர்கள். மாதம் 1,500 தானே என்று தோன்ற வைப்பதுதான் அதன் வேலை.

கம்பெனி சர்வீஸ் சென்டரா, வெளிக்கடையா?

வாரண்டி இருந்தால் சர்வீஸ் சென்டர், அதில் பேச்சே இல்லை. வாரண்டி முடிந்த நடுத்தர ஆண்ட்ராய்டு போன்களுக்கும் முதலில் சர்வீஸ் சென்டரில் விலை கேளுங்கள். கம்பெனி என்றாலே யானை விலை என்று நினைத்துக் கேட்காமலே வெளிக்கடைக்குப் போகிறவர்கள் அதிகம், ஆனால் பேட்டரியைப் பொறுத்தவரை பல மாடல்களுக்கு வித்தியாசம் சில நூறு ரூபாய்தான் இருக்கும். ஐபோனுக்குத்தான் வித்தியாசம் பெரிசு. அங்கே இன்னொரு விஷயமும் உண்டு, 2018-க்குப் பின் வந்த ஐபோன்களில் வெளி பேட்டரி போட்டால் அது அசல்தானா என்று உறுதிசெய்ய முடியவில்லை என்று செட்டிங்ஸில் செய்தி காட்டும். போன் ஓடும், விற்கும்போது மட்டும் அதைச் சொல்லி விலையைக் குறைப்பார்கள்.

வெளிக்கடைகளை நான் மட்டமாகச் சொல்ல மாட்டேன். சென்னை ரிச்சி தெருவிலும் கோவை காந்திபுரத்திலும் சர்வீஸ் சென்டரே முடியாது என்று திருப்பிய போனை உயிர்ப்பித்துத் தரும் கைகள் இருக்கின்றன. ஆள் நல்லவர்தான், பேட்டரி எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. இவற்றைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

பேட்டரியில் தயாரிப்புத் தேதி என்ன? பேட்டரி பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் வயதாகும். ஐந்து வருடத்துக்கு முந்தைய மாடலுக்கு “பாக்கெட் பிரிக்காத ஒரிஜினல்” என்று எடுத்துத் தந்தால், அதுவும் ஐந்து வருடத்துக்கு முன் செய்ததாக இருக்கலாம். அப்படிப்பட்ட ஒரிஜினலைவிட நேற்றுச் செய்த நல்ல வெளித்தயாரிப்பு மேல்.

பிஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரை இருக்கிறதா? இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரிகளுக்கு ஐஎஸ் 16046 தரப்பதிவு கட்டாயம், முத்திரையோடு ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் அச்சாகியிருக்கும். பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது என்று வரும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம்.

அப்புறம் எம்ஏஹெச் எண், அதாவது பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் எண். உங்கள் போனின் அசல் பேட்டரி 4,000 எம்ஏஹெச் என்றால், அதே அளவுள்ள பேட்டரியில் 5,800 என்று போட்டிருப்பது பொய். அதே பருமனில் அவ்வளவு திறனை அடைக்க முடியாது.

மூடும்போது புது பசை போடுவார்களா என்றும் கேளுங்கள். தண்ணீர் தாங்கும் போனைத் திறந்துவிட்டால் அந்தக் காப்பு போய்விடும், பசையை மாற்றி ஒட்டினாலும் பழையபடி இருக்கும் என்று நம்பி மழையில் எடுக்காதீர்கள். மூன்று மாதமாவது வாரண்டி தருகிற கடையாகப் பாருங்கள், பில் வாங்குங்கள்.

அந்தக் காலத்தில் நாமே பேட்டரியைக் கழற்றி மாட்டினோமே, அது ஏன் நின்றது?

மெலிதாகச் செய்யணும், தண்ணீர் புகக்கூடாது, பெரிய பேட்டரி வைக்கணும் என்று கம்பெனிகள் சொல்லும் காரணங்களில் உண்மை இருக்கிறது. ஆனால் நம் கையில் இருந்த உரிமை போனதும் உண்மை. நோக்கியாவின் பிஎல்-5சி பேட்டரி பெட்டிக்கடையில்கூடத் தொங்கிய காலம் ஒன்று இருந்தது, பின்மூடியை விரலால் தள்ளி மாற்றிக்கொள்வோம். ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையில் நோக்கியா போன்கள் கூட்டம் கூட்டமாக வெளிவந்துகொண்டிருந்த அந்த 2007-இல்தான் ஜப்பானின் மட்சுஷிதா செய்த 4 கோடியே 60 லட்சம் பிஎல்-5சி பேட்டரிகள் சூடாகலாம் என்று நோக்கியா எச்சரித்து, மாற்றித் தருவதாக அறிவித்தது. ஊரெல்லாம் பேட்டரியைக் கழற்றி எண்ணைப் பார்த்தார்கள். மக்கள் போனைத் தூக்கிக்கொண்டு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை, பேட்டரியை மட்டும் மாற்றினால் முடிந்தது. 2016-இல் சாம்சங் நோட் 7-க்குப் பேட்டரிக் கோளாறு வந்தபோது போனையே திரும்பப் பெற வேண்டியிருந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் இப்போது இதைத் திருப்ப முயல்கிறது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்கும் போன்களின் பேட்டரி 800 சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும், உதிரிபாகங்கள் அந்த மாடலின் விற்பனை நின்று ஏழு வருடம் வரை கிடைக்க வேண்டும். 2027 பிப்ரவரி 18 முதல், சில விதிவிலக்குகளோடு, பயனரே கழற்றி மாற்றும்படி பேட்டரி இருக்க வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. இந்தியாவிலும் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒன்றிய நுகர்வோர் துறை 2022-இல் இணையதளம் தொடங்கியது, போன்களுக்குப் பழுதுபார்ப்பு மதிப்பெண் கொடுக்கும் யோசனையும் நடக்கிறது. அது கட்டாயமாகி, பெட்டியின் மேலேயே அந்த மதிப்பெண் அச்சாகும் நாள் சீக்கிரம் வரணும்.

பேட்டரி மாற்றக் கொடுக்கும்போது போட்டோ, வங்கி ஆப் எல்லாம் பத்திரமாக இருக்குமா?

சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். பேக்கப் எடுத்துவிடுங்கள், வாட்ஸ்அப்பையும் தனியாக. ஸ்கிரீன் லாக் எண்ணைக் கொடுக்காதீர்கள். பேட்டரி மாற்ற அது தேவையே இல்லை, மாற்றிய பிறகு போன் ஓடுகிறதா என்று பார்க்க நீங்களே திறந்து காட்டலாம். சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோட், கூகுளின் பிக்சல் போனில் ரிப்பேர் மோட் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் உங்கள் படங்களும் ஆப்களும் மறைந்து வெறும் போனாகத் தெரியும். முடிந்தால் கடையிலேயே உட்கார்ந்து வாங்கிக்கொண்டு வாருங்கள், கைதேர்ந்தவருக்கு இது ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை.

பேட்டரி மாற்றியும் சார்ஜ் நிற்கவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

இரண்டு மூன்று நாள் பொறுங்கள். சதவீதம் காட்டும் கணக்கு புது பேட்டரிக்குப் பழக வேண்டும், ஒருமுறை நன்றாக இறங்கவிட்டு முழுசாக ஏற்றினால் சீக்கிரம் சரியாகும். அதற்கு அப்புறமும் அப்படியே இருந்தால், அல்லது போன் சும்மா இருக்கும்போதே சூடானால், பேட்டரி மட்டம் அல்லது போர்டில் எங்கோ மின்சாரம் கசிகிறது. பில்லோடு திரும்பப் போங்கள். போர்டுதான் என்று சொன்னால் வேறொரு கடையிலும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பழைய போனுக்குப் பேட்டரி போட்டு அம்மா அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் அப்டேட் நின்ற போனாகக் கொடுக்காதீர்கள். நாம் கழித்துவிட்டதை வீட்டுப் பெரியவர்களிடம் தள்ளுவது வழக்கமாகிவிட்டது, மோசடி அழைப்பும் போலி லிங்க்கும் அதிகம் குறிவைப்பது அவர்களைத்தான். நல்ல போனை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, தேவையானால் நீங்கள் கொஞ்ச நாள் பழசை வைத்துச் சமாளியுங்கள். அவர்கள் கைக்கு ஏற்கெனவே பழகிய போன் என்றால் பேட்டரியை மாற்றிக் கொடுப்பதுதான் உத்தமம், புது போனில் பச்சை பட்டன் எங்கே இருக்கிறது என்று தேடும் அவஸ்தை அவர்களுக்கு மிச்சம்.

புதுசுக்குப் பதில் செகண்ட் ஹேண்ட் வாங்கினால்?

நல்ல யோசனைதான், அதன் பேட்டரியும் பழசு என்பதை விலையிலேயே கழித்துப் பேசுங்கள். *#06# அழுத்தினால் ஐஎம்இஐ எண் வரும், ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண் அது. கேஒய்எம் என்று ஆங்கில எழுத்துகளில் அடித்து, ஒரு இடம் விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். திருட்டுப் போனாகப் பதிவாகி முடக்கப்பட்டதா என்று பதில் வரும். அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். பதில் வரும் வரை காசு கொடுக்காதீர்கள்.

சரி, புது போன்தான் என்று முடிவாகிவிட்டது. எதைப் பார்த்து வாங்குவது?

கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதற்கு முன், எத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட் தருகிறார்கள் என்று கேளுங்கள். 2023-இல் பிக்சல் 8-க்கு கூகுளும், 2024-இல் எஸ்24 வரிசைக்கு சாம்சங்கும் ஏழு வருடம் என்று அறிவித்தன. விலை குறைந்த போன்கள் பலவற்றில் இரண்டு மூன்று வருடம்தான் தருவார்கள், 12,000 ரூபாய் போன் மலிவா என்பதை அதோடு வகுத்துப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ அந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஸ்டோரேஜ் 128 ஜிபிக்குக் கீழே வேண்டாம்.

பழைய பேட்டரியையும் பழைய போனையும் என்ன செய்வது?

குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். குப்பை வண்டியில் நசுங்கினால் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும், வண்டியில் நிற்கும் தூய்மைப் பணியாளருக்குத்தான் அந்த ஆபத்து. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி தயாரிப்பாளர்களுக்குத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு இருக்கிறது, அதனால் மாற்றுகிற இடத்திலேயே பழசை விட்டுவிட்டு வருவது எளிது. வெளிக்கடை என்றால் அவர்கள் அதை என்ன செய்வார்கள் என்று கேளுங்கள், திருப்திப்படவில்லை என்றால் முனைகளில் டேப் ஒட்டி வாங்கி வந்து மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். போனைக் கொடுப்பதாக இருந்தால் முதலில் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, அதன்பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். வரிசையை மாற்றிச் செய்தால் வாங்கியவரால் போனைத் திறக்க முடியாது, ராத்திரி பத்து மணிக்கு உங்களைத்தான் கூப்பிடுவார்.